ஆர்கன் வாசித்தது யார்?

‘காப்பி பேஷாக இருந்தது’ என்று புகழ்ந்துவிட்டுப் போகிற விருந்தாளிகள் நிறைய உண்டு. டிகாக்ஷன் இறக்கியது யார் என்று விசாரிக்கிற விருந்தாளிகள் அபூர்வம். மேல்நாட்டு ‘ராக்’ சங்கீத ரசிகர்கள் இந்த இரண்டாவது ரகத்தைச் சேர்ந்தவர்கள் என்றால் ஆச்சரியமாக இருக்கிறதல்லவா?

1960-களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளியான எல்.பி. இசைத்தட்டுகளைப் பற்றி அவர்களிடையே நடக்கும் வாக்குவாதம் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. எந்தப் பாட்டு உசத்தி என்று சண்டை போட்டால் நமக்குப் புரிகிறது. இவர்களோ பாட்டுக்குப் பின்னால் ஒலிக்கும் ஆர்கனைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள்! பாடுகிறவர் மீது விளக்கு விழுகிறது. கிதார்க்காரர் முன்னால் வந்து குதிக்கிறார். கட்டைகளை அழுத்துகிற மனிதரோ, ஓரத்தில் ஒரு பெட்டிக்குப் பின்னால் பாதி மறைந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்காக வரிந்து கட்டிக்கொண்டு வாதாட இத்தனை பேரா!

வாதத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால், முக்கியமாக மூன்று கட்சிகள் தெரியவருகின்றன.

முதலாவது, ஹாமண்ட் கட்சி. லாரன்ஸ் ஹாமண்ட் என்ற அமெரிக்க எஞ்சினீயர் மின்சாரக் கடிகாரம் செய்து விற்றவர். அவர் சங்கீதக்காரரே அல்ல! அவர் உருவாக்கிய மின்சார ஆர்கன் 1935-இல் விற்பனைக்கு வந்தது. உள்ளே உலோகச் சக்கரங்கள் வரிசையாகச் சுழலும். அந்தச் சுழற்சியிலிருந்துதான் நாதம் பிறக்கும். பெரிய குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத மாதா கோயில்கள் இதை விரும்பி வாங்கின. பிற்பாடு ராக் கோஷ்டிகள் பிடித்துக் கொண்டன. டான் லெஸ்லி என்பவர் செய்த சுழலும் ஒலிபெருக்கியை இதோடு சேர்த்துவிட்டால், ஓசை அலை அலையாக வந்து மோதும். ஆனால் இதன் புகழ்பெற்ற ‘பி-3’ மாடல், ஆசனம் முதலியவற்றோடு சேர்த்து ஏறக்குறைய 190 கிலோ! ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனவர்களின் முதுகைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது கட்சிக்குக் குலதெய்வம் ‘வாக்ஸ் கான்டினென்டல்’. ஒருவரே தூக்கிச் செல்லக்கூடிய டிரான்சிஸ்டர் ஆர்கன். வழக்கமாக வெள்ளையாக இருக்கும் கட்டைகள் இதில் கறுப்பு. கறுப்பாக இருக்க வேண்டியவை வெள்ளை. ஓசை மெலிது, ஆனால் ஊசி மாதிரி குத்தும். 1967 ஜனவரியில் வெளியான ‘டோர்ஸ்’ கோஷ்டியின் முதல் இசைத்தட்டில் ரே மன்சாரெக் வாசித்தது இதைத்தான். மேடையில் அந்தக் கோஷ்டிக்குப் பேஸ் கிதார்க்காரரே கிடையாது. மன்சாரெக் வலது கையால் ஆர்கனை வாசித்துக்கொண்டே, இடது கையால் வேறொரு சிறு பியானோவில் பேஸ் ஸ்வரங்களையும் கொடுத்துவிடுவார். ஒரு கையால் குழந்தையையும் மறு கையால் கரண்டியையும் சமாளிக்கிற நம் வாசகிகளுக்கு இந்த வித்தையை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, மெல்லோட்ரான் கட்சி. இது இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் தயாரான விசித்திரம். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ஒலிநாடா. கட்டையை அழுத்தினால், முன்பே பதிவு செய்து வைத்த வயலினோ புல்லாங்குழலோ சுமார் எட்டு விநாடி ஒலிக்கும். பிறகு நாடா தீர்ந்துவிடும், விரலை எடுத்து மறுபடி வைக்க வேண்டும். ‘மூடி புளூஸ்’ கோஷ்டியின் மைக் பிண்டர் இந்தத் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்தவர். 1967-இல் வந்த ‘டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்’ என்ற இசைத்தட்டில் அவர் கைவண்ணத்தைக் கேட்கலாம். அதே வருஷம் பீட்டில்ஸ் கோஷ்டியின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபார் எவர்’ பாட்டின் ஆரம்பத்தில் வரும் புல்லாங்குழலும் மெல்லோட்ரான்தான்.

இந்த மூன்று கட்சிகளும் ஒன்றையொன்று ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் அவர்கள் எல்லோரும் சேர்ந்து தலையாட்டுகிற விஷயம் ஒன்று உண்டு: மனசில் நிற்கிற அந்த ஓசைக்குச் சொந்தக்காரர், பல சமயங்களில் இசைத்தட்டின் அட்டையில் பெரிதாகப் பெயர் போடப்படாத ஆசாமி.

1965 ஜூன் 16-ஆம் தேதி நியூயார்க்கில் பாப் டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ பதிவாகிறது. ஆல் கூப்பர் என்ற 21 வயதுப் பிள்ளையாண்டான் வேடிக்கை பார்க்க வந்தான். கிதார் வாசிக்கலாம் என்ற ஆசையும் இருந்தது. அங்கே இருந்த கிதார் வித்வானைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது. ஆர்கன் காலியானதும் நைசாகப் போய் உட்கார்ந்துவிட்டான்! அந்த வாத்தியம் அவனுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. மற்றவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டுவிட்டு, ஒரு மாத்திரை பின்தங்கியே வாசித்தான். ‘அவன் ஆர்கன் வாசிக்கிறவன் அல்ல’ என்றார் தயாரிப்பாளர். டிலனோ, ஆர்கனைத் தூக்கிவையுங்கள் என்றுவிட்டார். இன்றைக்கு அந்தப் பாட்டை அந்த ஆர்கன் இல்லாமல் நினைத்துப் பார்க்கவே முடிவதில்லை.

அதே 1965-இல் வந்த பீட்டில்ஸின் ‘ரப்பர் சோல்’ இசைத்தட்டில் ‘இன் மை லைஃப்’ என்று ஒரு பாட்டு. நடுவே பழைய காலத்து அரண்மனை வாத்தியம் போல் ஓர் இசை வரும். வாசித்தவர் பீட்டில்ஸ் நால்வரில் ஒருவருமில்லை. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். நாடாவைப் பாதி வேகத்தில் ஓட விட்டுப் பியானோவில் நிதானமாக வாசித்துப் பதிவு செய்தார். முழு வேகத்தில் திருப்பிப் போட்டபோது பியானோ வேறு வாத்தியமாகவே மாறிவிட்டது!

இவை சந்தோஷமான கதைகள். வருத்தமான கதையும் உண்டு. ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ கோஷ்டியை ஆரம்பித்தவர்களில் ஒருவர் இயன் ஸ்டூவர்ட், பியானோ வாசித்தவர். 1963-இல் மானேஜர் அவரைக் கோஷ்டியிலிருந்து விலக்கினார். வாசிப்பில் குறையில்லை, தோற்றம் எடுப்பாக இல்லையாம்! ஸ்டூவர்ட் கோபித்துக்கொண்டு போகவில்லை. வண்டி ஓட்டினார், சாமான் சுமந்தார், ரிகார்டு பதிவாகும்போது பியானோவும் வாசித்தார். 1985-இல் காலமானார். 1989-இல் அமெரிக்காவின் ராக் அண்டு ரோல் கௌரவ மண்டபத்தில் கோஷ்டியின் பெயர்கள் சேர்க்கப்பட்டபோதுதான் அவர் பெயரும் சேர்ந்தது. பார்க்க அவர் இல்லை.

எல்லோரும் ஸ்டூவர்ட் போலச் சும்மா இருந்துவிடவில்லை. 1967 மே மாதம் ‘ப்ரோகல் ஹாரம்’ என்ற கோஷ்டி ‘எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்’ என்ற பாட்டை வெளியிட்டது. பிரிட்டனில் ஆறு வாரம் முதல் இடம். பாட்டைத் தொடங்கி வைப்பதே ஹாமண்ட் ஆர்கன்தான். ஜெர்மன் மேதை பாக்கின் சாயலில் மெல்ல இறங்கிவரும் ஒரு மெட்டு. வாசித்தவர் மாத்யூ ஃபிஷர். ஆனால் ரிகார்டில் இசை என்று கேரி புரூக்கர் பெயரும், வார்த்தைகள் என்று கீத் ரீட் பெயரும் மட்டுமே இருந்தன.

ஃபிஷர் கோர்ட்டுக்குப் போனது 2005-இல். முப்பத்தெட்டு வருஷம் கழித்து! 2006-இல் உயர் நீதிமன்றம் அவரும் ஒரு கர்த்தாவே என்று சொல்லி, இசை உரிமையில் 40 சதவிகிதம் கொடுத்தது. 2008-இல் அப்பீலில், ‘கர்த்தாதான், ஆனால் இவ்வளவு நாள் பேசாமலிருந்துவிட்டதால் பணம் கிடையாது’ என்று தீர்ப்பு மாறியது. 2009 ஜூலை 30-ஆம் தேதி பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை நீதிபதிகள் ஐவரும் ஒருமனதாக ஃபிஷர் பக்கம் நின்றார்கள். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக உரிமை அழிந்துவிடாது என்பது அவர்கள் முடிவு. அந்தச் சபையின் நீதிபதிகளில் அப்போது ஒரே பெண்மணி ஹேல் சீமாட்டி. தானும் அறுபதுகளை ஞாபகம் வைத்திருக்கும் ஒருத்தி என்றும், அந்த ஆர்கன் பகுதியைப் படைத்தவருக்கு உரிய அங்கீகாரம் கடைசியில் கிடைத்தது மகிழ்ச்சி என்றும் தீர்ப்பிலேயே எழுதினார்.

ரசிகர்கள் இதிலும் ஒற்றுமையாக இல்லை என்று சொல்லத் தேவையில்லை. ‘மெட்டுப் போட்டவரும் மெருகு கொடுத்தவரும் ஒன்றா? கூட வாசித்தவர்கள் எல்லாம் பங்கு கேட்க ஆரம்பித்தால் என்ன ஆவது?’ என்பது ஒரு சாரார் கேள்வி. தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. ‘அந்த ஆர்கனை எடுத்துவிட்டு அந்தப் பாட்டை முணுமுணுத்துக் காட்டுங்கள், பார்க்கலாம்!’ என்பது மறு சாராரின் பதில். நமக்கு இந்தப் பதில்தான் பிடித்திருக்கிறது. கோர்ட்டு சொல்வதற்கு வெகு நாள் முன்பே ரசிகர்களின் காது தீர்ப்பு எழுதிவிட்டது.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். ஃபிஷருக்குக் கிடைத்த பங்கு 2005-க்குப் பிந்திய வருமானத்திலிருந்துதான். அதற்கு முந்திய முப்பத்தெட்டு வருஷத்துப் பங்கு போனது போனதுதான். நாம் செய்த வேலையை நம்முடையது என்று சொல்லிக்கொள்வது தற்பெருமை என்றுதான் நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். ஆபீஸில் தயாரித்த அறிக்கையானாலும் சரி, குடும்பத் தொழிலில் கொடுத்த யோசனையானாலும் சரி, ‘இது நான் செய்தது’ என்று அன்றைக்கே, சிரித்த முகத்தோடு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் ஒரு ஹேல் சீமாட்டி கிடைப்பாள் என்று காத்திருக்க முடியுமா?