பொட்டலம் மட்டும் போதுமா?

2018 நவம்பர் 16ல் கஜா புயல் டெல்டாவைச் சூறையாடியது. குடிசையிழந்த விவசாயத் தொழிலாளர்கள் பள்ளிக்கூடங்களில் அடைக்கலம் புகுந்தனர். சோற்றுப் பொட்டலத்தோடு சர்க்காரின் கடமை தீர்ந்ததா என்று கேட்கிறோம். லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்டு இல்லையேல் மோட்டார் ஓடாது, தொட்டி வறளும், கக்கூஸ் நாறும், குழந்தைக்குப் பேதி காணும். பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு கிடக்கவேண்டும். இது தலைவிதியா? இல்லை, அலட்சியம்!

முகாம்களுக்குச் சர்வதேச அளவுகோல் உண்டு. ஆளுக்குத் தினம் 15 லிட்டர் தண்ணீர். 20 பேருக்கு ஒரு கக்கூஸ். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் 30 மீட்டர் இடைவெளி. பெண்களுக்குத் தனியிடம், உள்தாழ்ப்பாள், விளக்கு.

தோழர்களே! அடுத்த புயலுக்கு முன்பே இவை வேண்டும், கைப்பம்பும் வேண்டும். மலக்குழியில் எந்தத் தொழிலாளியையும் இறக்காதே! நாம் கேட்பது பிச்சையல்ல, உரிமை!