ரத்த அணுக்கள் 'நார்மல்' என்றால் டைபாய்டு இல்லையா? லேப் ரிப்போர்ட்டில் கவனிக்க வேண்டியது என்ன?

"கவுன்ட் எல்லாம் நார்மல்தானே டாக்டர், அப்புறம் ஏன் காய்ச்சல் விடலை?"

லேப் ரிப்போர்ட்டும் கையுமாக வரும் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. டெங்கு பயத்தில் எல்லோரும் தட்டணு எவ்வளவு என்றுதான் பார்க்கிறார்கள். ஆனால் குடலைத் தாக்கும் டைபாய்டு விஷயத்தில் கணக்கே வேறு.

டைபாய்டு ஒழிந்துபோன நோய் அல்ல. குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்து நடத்திய ஆய்வு முடிவு 2023-ல் வெளியானது. வேலூர் நகர்ப்பகுதியில் ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளில் ஆயிரத்துக்கும் அதிகமானோரை இந்நோய் தாக்குவதாக அதில் தெரியவந்தது.

ஏறாத வெள்ளை அணுக்கள்

பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் சுமார் 4 ஆயிரம் முதல் 11 ஆயிரம் வரை வெள்ளை அணுக்கள் இருக்கும். பாக்டீரியா புகுந்தால் இது எகிறுவது வழக்கம். டைபாய்டு கிருமியோ வெள்ளை அணுக்களுக்குள்ளேயே பதுங்கி கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை வரை போய்விடுகிறது. பலருக்கு எண்ணிக்கை ஏறுவதே இல்லை. சிலருக்கு 4 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிடும். சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் ஏறுவதும் உண்டு.

இன்னொரு தடயம், ஈசினோபில். விடாத காய்ச்சலோடு ஈசினோபில் பூஜ்யம் என்று வந்தால் டாக்டர்களுக்கு டைபாய்டு சந்தேகம் வரும். ஆனால் இது சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. நோயை உறுதி செய்ய 'பிளட் கல்ச்சர்' வேண்டும். அதற்கு ஆன்டிபயாடிக் போடும் முன்பே ரத்தம் எடுப்பது நல்லது. ஒரே ஒரு தடவை எடுத்த வைடால் டெஸ்ட்டை நம்பி முடிவு கட்ட முடியாது.

3-வது வாரம் உஷார்!

சரியான சிகிச்சை கிடைக்காவிட்டால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண் உண்டாகும். 3-வது வாரத்தையொட்டி அதில் ரத்தம் கசியலாம், குடலில் ஓட்டையே விழலாம். அதுவரை குறைவாக இருந்த வெள்ளை அணுக்கள் திடீரென்று எகிறி, வயிறும் கல்லு மாதிரி இறுகினால் உடனே ஆபரேஷன் தேவைப்படலாம். தட்டணுக்கள் சரிந்தாலும் ஹீமோகுளோபின் இறங்கினாலும் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிலருக்கு ஓட்டை விழுந்த பிறகும் கவுன்ட் ஏறாது. ஆகவே கடுமையான வயிற்று வலி, கருப்பாக மலம் போவது, பிதற்றல் இருந்தால் ரிப்போர்ட்டுக்காக காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஒரு நாள் கணக்கு போதாது

ரத்த அணு பரிசோதனை செலவு குறைந்தது, சீக்கிரமே ரிசல்ட் வந்துவிடும். ஆனால் ஒரு நாள் எண்ணிக்கையை விட, நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்ற மாற்றம்தான் நோயின் போக்கைச் சொல்லும். அதனால் பழைய ரிப்போர்ட்டுகளை தூக்கிப் போடாமல் எடுத்துச் செல்வது அவசியம்.

மருந்து தொடங்கினாலும் காய்ச்சல் தணிய சில நாட்கள் ஆகும். தணிந்ததும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பவும் வரலாம். நார்மல் ரிப்போர்ட்டைப் பார்த்து, "ஒண்ணுமில்லை" என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்துவதுதான் பெரிய ஆபத்து.