பாறை பிளக்குமுன் ஊர் அறிதல் வேண்டும்

கல்லின்றிக் கட்டடம் இல்லை, சாலை இல்லை, பாலம் இல்லை. பாலாற்றங்கரையில், தறியொலி கேட்கும் செவிலிமேட்டில் எழும் ஒவ்வொரு புதுவீட்டின் அடித்தளத்திலும் எங்கோ ஒரு குன்றின் துண்டம் புதைந்து கிடக்கின்றது. ஆற்றுக்குத் தெற்கே உத்தரமேரூர் வட்டாரத்தில் கற்குழிகள் ஏற்கெனவே பல உள. எனவே, கல்லெடுப்பதா வேண்டாவா என்பதன்று வினா. புதிதாக ஒரு கற்குழிக்கு இசைவு கேட்கப்படும்பொழுது, அதனோடு சேர்ந்து வரும் வெடிமருந்தையும் கொல்லும் தூசையும் காப்பவர் யார், கண்காணிப்பவர் யார், அவற்றைப்பற்றி ஊர்மக்களுக்கு எடுத்துச் சொல்பவர் யார் என்பதே வினா.

கற்குழியின் இடர் என்றவுடன் பாறை வெடித்துச் சிதறும் நொடியையே பலரும் எண்ணுவர். அந்நொடிக்கு முன்னரே, மருந்தை ஏற்றும்பொழுதும் இறக்கும்பொழுதும் அடுக்கி வைத்திருக்கும்பொழுதும் பேரிழப்புகள் நேர்ந்துள்ளன. 2021 சனவரி 21 இரவு, கருநாடகத்துச் சிவமொக்காவை அடுத்த உணசோட்டில், சரக்குந்தில் இருந்த செலட்டின் குச்சிகள் வெடித்து ஐவருக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டே மே 8 அன்று, ஆந்திரத்துக் கடப்பை மாவட்டம் மாமில்லப்பள்ளியில், கற்குழிக்கு வந்த வெடிமருந்தை இறக்கும்பொழுது பதின்மர் இறந்தனர். 2024 மே 1 அன்று, உழைப்பாளர் நாளிலேயே, விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே கற்குழியொன்றின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து உழைப்பாளர் மூவர் உடல் சிதறினர். மூன்றிடத்தும் உயிர் குடித்தது பாறையன்று. பாறைக்கென வந்த மருந்தே!

சட்டம் இல்லாமையாலா இச்சாவுகள்? 1884-ஆம் ஆண்டிலேயே வெடிமருந்துச் சட்டம் வந்துவிட்டது. 2008-இல் புது நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. அமோனிய நைத்திரேட்டுக்கெனத் தனியே 2012-இல் நெறிமுறைகள் வந்தன. டெட்டனேட்டர் எனும் வெடிதூண்டியை வெடிமருந்தோடு ஒன்றாய் வைத்தல் கூடாது. வந்ததற்கும் செலவானதற்கும் கணக்கு வேண்டும். சான்று பெற்றவரே வெடி வைத்தல் வேண்டும். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்லெடுக்க உரிமம் தரலாகாது என்பது 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சிறு கனிம நெறிமுறை. ஏட்டில் குறையில்லை, காவலில்தான் குறை. 2020 ஆகத்து 4 அன்று பெய்ரூத்துத் துறைமுகத்தில் 2,750 டன் அமோனிய நைத்திரேட்டு வெடித்து இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அதன் பின்னரே, சென்னை மணலியில் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்த ஏறத்தாழ 700 டன் சரக்கு அகற்றப்பட்டது. கடல்கடந்த ஊரின் சாவொலி கேட்டுத்தான் இங்குள்ள ஆட்சி கண்விழித்தது!

வெடிமருந்து ஒரு நொடியில் கொல்லும். கல்தூசோ பல்லாண்டு எடுத்துக் கொல்லும். நீர் தெளிக்காமல் பாறையைத் துளையிடுகையில் எழும் நுண்ணிய சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கி, அதனைக் கல்லாக்கிவிடுகின்றது. சிலிக்கோசிசு எனும் அந்நோய் முற்றினால் மீட்சி இல்லை. வெடித்து முடிந்தபின் எஞ்சும் நைத்திரேட்டும் எந்திரங்கள் ஒழுக்கும் எண்ணெயும் மழையோடு கலந்து நிலத்தடி நீரைச் சேரும். பாலாற்றின் ஊற்றுநீரைக் குடித்து, அந்நீரிலேயே பட்டுக்குச் சாயம் ஏற்றும் காஞ்சி மக்களுக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று.

இவ்வளவு இடரையும் மக்கள் எம்மொழியில் அறிகின்றனர்? 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கை, ஆய்வறிக்கையின் சுருக்கத்தை மட்டுமே ஊர்மொழியில் கேட்கின்றது. முழு அறிக்கை ஆங்கிலத்தில் உறங்குகின்றது. சிறு கற்குழிகள் பலவற்றுக்கோ மக்கள் கருத்துக் கேட்பே இல்லை. 2020-இல் வெளியான புது வரைவைத் தேசிய மொழிப்பட்டியலின் 22 மொழிகளிலும் பெயர்க்குமாறு தில்லி உயர் முறைமன்றம் அவ்வாண்டு சூன் 30 அன்று ஆணையிட்டது. நடுவணரசோ அதை எதிர்த்து உச்ச முறைமன்றம் வரை சென்றது! மக்களின் உயிரைப் பற்றிய தாளை மக்கள் மொழியில் தருவதற்குக்கூட வழக்காட வேண்டியிருக்கின்றது. மருந்துப் பெட்டியின் மேலுள்ள எச்சரிக்கையைப் படிக்கவியலாத கைகளே அதைச் சுமக்கின்றன.

ஆகவே, இசைவுக்கு முன்னரே சில செய்தாக வேண்டும். கிடங்கின் இடம், கொள்ளளவு, மருந்து வரும் வழி, வெடிக்கும் நேரம் ஆகியன தமிழில் எழுதப்பெற்று ஊர்மன்றத்தில் படிக்கப்படுதல் வேண்டும். எச்சரிக்கைகள் தமிழில் இருத்தல் வேண்டும். வடபுலத்திலிருந்து பிழைக்க வந்த கூலியாளர்க்கு அவர்தம் தாய்மொழியிலும் இருத்தல் வேண்டும். ஏனெனில் தாய்மொழியில் அறியும் உரிமை தமிழனுக்கு மட்டும் உரியதன்று. துளையிடுகையில் நீர் தெளித்தலும், ஆண்டுதோறும் நுரையீரல் ஆய்வும், கிணற்று நீராய்வும் உரிமத்தின் கட்டுப்பாடுகளாதல் வேண்டும்.

செவிலி என்பவள் பிறர் பெற்ற பிள்ளையையும் தன் பிள்ளைபோல் காப்பவள். அப்பெயரைத் தாங்கிய ஊர்க்கும் அதைச் சூழ்ந்த ஊர்க்கும் அரசு செவிலியாக நிற்க வேண்டும். வெடித்தபின் வந்து இழப்பீடு எண்ணித் தருவது காப்பன்று. வெடிக்காமல் தடுப்பதே காப்பு!