கணக்கேட்டுக் கிறிஸ்தவம்

"சாமி, இவ்வளவு போதுமா?"

சில ஆண்டுகளுக்கு முன் இறுதிப் படுக்கையில் கிடந்த முதியவர் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது. ஒப்புரவு அருளடையாளம் முடிந்தது, நோயில் பூசினோம், வழியுணவாக நற்கருணையும் அளித்தோம். அதன் பிறகும் அவர் முகத்தில் அமைதி இல்லை. தலையணைக்கு அடியிலிருந்த நீளமான கணக்கேடு ஒன்றை எடுக்கும்படி மகனுக்குச் சைகை காட்டினார். மளிகைக் கடை நடத்தியவர் ஆதலால் அது கடைக் கணக்கு என்றே முதலில் எண்ணினோம். திறந்து பார்த்தால் கோயில் கணக்கு! எந்த ஆண்டில் எத்தனை தலைவெள்ளி, எத்தனை நவநாள், வேளாங்கண்ணிக்கு நடந்தே சென்றது எத்தனை முறை, மணிக்கூண்டுக்குத் தந்த தொகை எவ்வளவு, ஏழைப் பிள்ளைகள் இருவருக்குக் கட்டிய பள்ளிக் கட்டணம் எவ்வளவு, இறந்த மனைவிக்காக ஒப்புக்கொடுத்த பூசைகள் எத்தனை என்று முப்பத்தெட்டு ஆண்டுக் கணக்கு, ஆண்டுவாரியாக, அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. அதைக் காட்டித்தான் "போதுமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி இன்றுவரை நம்மை விட்டபாடில்லை. அம்முதியவரை இகழ்வது நம் நோக்கமன்று. அவரைப் போல் பத்துப் பேர் இருந்தால் எந்தப் பங்கும் செழிக்கும். அந்த ஏட்டை அவர் கையில் கொடுத்தது யார் என்பதே நாம் கேட்க விரும்புவது. விடை கசப்பானது. குருக்களாகிய நாமும், மறைக்கல்வி ஆசிரியர்களும், பக்த சபைகளும் சேர்ந்தே அதைக் கொடுத்தோம்.

ஊர்த்திடல்களில் நற்செய்திக் கூட்டம் நடத்தும் பிற சபைச் சகோதரர் சிலர் நம்மீது வழக்கமாகச் சாட்டும் குற்றம் ஒன்றுண்டு: கத்தோலிக்கர் நற்செயல்களைக் காட்டி விண்ணகத்தை விலை பேசுகிறவர்கள் என்பது. இதைக் கேட்டு நம் மக்கள் சினம் கொள்கின்றனர். சினம் சரி, சொல்லும் பதில் என்ன? "ஆம், எங்களுக்குச் செயல்தான் பெரிது. உங்களைப் போல் வெறும் வாய்விசுவாசம் எங்களுக்கு வேண்டா" என்கின்றனர். மறுத்துவிட்டதாக எண்ணிக்கொண்டு, குற்றத்தை முழுவதும் ஒப்புக்கொண்டு வீடு திரும்புகின்றனர்! செயலால் மீட்பை ஈட்டலாம் என்று திருச்சபை எந்நாளும் போதித்ததில்லை. அவ்வாறு போதித்தவரைக் கண்டித்தே வந்திருக்கிறது.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமையில் வாழ்ந்த பெலாஜியுஸ் என்னும் துறவியை நினைவுகூர்வோம். பிரித்தானியாவிலிருந்து வந்தவர். தீயவர் அல்லர், கண்டிப்பான ஒழுக்கமுடையவர். உரோமைக் கிறிஸ்தவர்களின் தளர்ந்த வாழ்வைக் கண்டு மனம் நொந்து, முயன்றால் முடியும், சாக்குச் சொல்லாதீர்கள் என்னும் பாங்கில் போதித்தார். இன்று நம் பங்குகளில் தவக்காலத் தியானம் கொடுக்க அவரை அழைத்தால் பெரிதும் பாராட்டப்பெறுவார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்போதனையின் அடியில் நஞ்சு இருந்தது. மனிதன் தன் விருப்புறுதியாலேயே பாவமின்றி வாழ வல்லவன். அருள் என்பது நல்ல சட்டமும் நல்ல முன்மாதிரியுமே என்று அது சொல்லிற்று. அப்படியானால் கிறிஸ்து சிலுவையில் இறந்தது எதற்கு? நல்ல ஆசிரியர் ஒருவர் வந்து போயிருந்தால் போதுமே! இந்த நஞ்சைக் கண்டுகொண்டவர் ஹிப்போ நகர் ஆயர் புனித அகுஸ்தீன். திருந்த வேண்டுமென்று விரும்பியும் திருந்த முடியாமல் ஆண்டுக்கணக்கில் தவித்தவர் அவர். மனித முயற்சியின் எல்லையைப் புத்தகத்தில் படித்தறிந்தவர் அல்லர்.

418-ஆம் ஆண்டு கார்த்தேஜ் நகரில் கூடிய சங்கம் பெலாஜியக் கொள்கையைக் கண்டித்தது. 529-இல் இன்றைய தென்பிரான்சிலுள்ள ஓராஞ்சு நகரில் கூடிய சங்கம் மேலும் ஒரு படி சென்றது. கடவுளை நாடவேண்டும் என்று நம் உள்ளத்தில் எழும் முதல் விருப்பம்கூட, நம்பிக்கையின் தொடக்கம்கூட, அருளின் கொடையே என்றது. "நீ ஓரடி எடுத்து வை, ஆண்டவர் பத்தடி வருவார்" என்று மறையுரைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! நாமே சொல்லியும் இருக்கிறோம், மறைப்பானேன். ஓராஞ்சுச் சங்கத்தின்படி அந்த முதல் அடியும் அவர் தந்ததே.

தமிழ் மண்ணுக்கும் இவ்வழக்கு புதிதன்று. தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் வாயால் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா என்று வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் வழக்காடியது நாம் அறிந்ததே. குருமடத்தில் பயின்ற நாள்களில் இரவுணவுக்குப் பின் நாமும் இதைப் பற்றி வாதிட்டதுண்டு. குரங்கின் பக்கம் நின்ற நண்பர்களே அன்று எண்ணிக்கையில் மிகுதி.

திரிதெந்தீன் பொதுச்சங்கமாவது செயல்களை உயர்த்திப் பிடித்ததே என்பர் சிலர். 1547 சனவரி 13-ஆம் நாள் அச்சங்கம் வெளியிட்ட ஏற்புடைமை பற்றிய ஆணையைப் படிக்காதவர்களே இவ்வாறு பேசுவர். அதன் முதல் விதி யாரைக் கண்டிக்கிறது? லுத்தரின் கொள்கையையன்று. இயேசு கிறிஸ்து வழியாக வரும் அருளின்றித் தன் சொந்தச் செயல்களால் மனிதன் கடவுள்முன் ஏற்புடையவன் ஆகலாம் என்று சொல்பவரையே முதலில் கண்டிக்கிறது. மேலும், ஏற்புடைமைக்கு முற்பட்ட எதுவும், அது நம்பிக்கையாயினும் செயலாயினும், அந்த அருளை நமக்கு ஈட்டித் தருவதில்லை என்றும் ஆணை தெளிவாக உரைக்கிறது. பேறுபலன் என்று நாம் கூறுவதும் அருளில் வாழ்வோரிடம் அந்த அருளே விளைவிக்கும் கனிதான். மரத்தை நட்டு, நீரூற்றி, காய்க்கவும் வைத்தவர் வேறொருவராயிருக்க, கனியைக் காட்டி அவரிடமே கூலி கேட்பது எந்த ஊர் நியாயம்?

பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடி லுத்தரன் மறைப்பணியாளருடன் எழுத்துப்போர் நடத்திய வீரமாமுனிவரின் வழிவந்தவர்கள் நாம். 'வேத விளக்கம்' அப்போரில் பிறந்த நூல். அந்தச் சூடு நம் குருதியில் இன்னும் தணியவில்லை போலும். ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று செருமனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஏற்புடைமைக் கோட்பாடு பற்றிய கூட்டு அறிக்கையில் கையொப்பமிட்டன. நம் தகுதியினால் அன்று, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொள்ளும் நம்பிக்கையில், அருளால் மட்டுமே நாம் கடவுளுக்கு ஏற்புடையோராகிறோம்; அவ்வருளே நம்மை நற்செயல்களுக்குத் தகுதியாக்கி அழைக்கிறது என்று இரு தரப்பாரும் ஒருவாய்ப்பட அறிக்கையிட்டனர். 2006-இல் மெதடிஸ்தரும் 2017-இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஒன்றிப்பும் இதில் இணைந்தனர். வேறுபாடுகள் அனைத்தும் தீர்ந்தன என்று யாரும் சொல்லவில்லை. எனினும் திடலில் நின்று செயலுக்காக வாதாடும் நம் மக்களுக்குத் தங்கள் திருச்சபை எங்கே நிற்கிறது என்பதே தெரியவில்லை. தெரிவிக்க வேண்டியவர்கள் வாய் மூடியிருந்தோம்.

இத்தனை சங்கங்களும் ஆவணங்களும் வேண்டா. ஞாயிறு மாலையில் திருமுழுக்குத் தொட்டியருகே வந்து நின்று பாருங்கள். நாற்பது நாள் குழந்தை. அது என்ன நற்செயல் செய்தது? எந்த நவநாளை முடித்தது? எவ்வளவு காணிக்கை தந்தது? தண்ணீர் பட்டதும் அழுவதைத் தவிர வேறொன்றும் அறியாத அப்பிள்ளையைக் கடவுள் தம் மகன் என்கிறார், மகள் என்கிறார். செயலால் மீட்பு என்பது நம் கொள்கையாயின் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கும் உரிமை நமக்கேது? நம் வழிபாடு அருளைப் பறைசாற்றுகிறது. நம் பேச்சுத்தான் அதை மறுக்கிறது.

நம் பாட்டிமாரின் செபமும் அதையே பறைசாற்றியது. மங்கள வார்த்தை செபத்தில் இன்று 'அருள்' என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் 'பிரியதத்தம்' என்றனர். பொருளறியாமல் சொன்னவர் பலராயிருக்கலாம். ஆனால் அச்சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: பிரியத்தால் தரப்பட்டது. பழைய மறைக்கல்வி ஏடுகளில் அதுவே 'தேவ இஷ்டப்பிரசாதம்' ஆயிற்று. பிரசாதத்துக்கு விலை கேட்பார் உண்டோ? வடமொழிச் சொற்களை நீக்கித் தூய தமிழில் செபிப்பதை நாம் முழுமனத்துடன் வரவேற்றவரே. ஆயினும் 'பிரியதத்தம்' போனதோடு அதன் பொருளும் சேர்ந்து போயிற்றோ என்னும் ஏக்கம் அவ்வப்போது எழுவதுண்டு.

இனி மற்றப் பக்கத்துக்கும் ஒரு சொல். நம்பிக்கை ஒன்றே போதும் என்று முழங்கும் மேடைகளில் சில, அந்த நம்பிக்கையையே ஒரு செயலாக்கிவிட்டன. நோய் தீரவில்லையா, உன் விசுவாசம் போதாது. கடன் அடையவில்லையா, இன்னும் உறுதியாக நம்பு என்கின்றனர். இதுவும் கணக்கேடுதான், பத்தி மட்டும் வேறு. புற்றுநோயால் வாடிய தாய் ஒருவர், "நான் சரியாக நம்பவில்லை போலிருக்கிறது சாமி" என்று நம்மிடம் அழுதார். நோயோடு குற்றவுணர்வையும் சுமக்க வைத்த அந்தப் போதனையை நற்செய்தி என்று அழைக்க நம் நா எழவில்லை. நம்பிக்கை என்பது வெறுங்கையை நீட்டுவது. எவ்வளவு வலுவாக நீட்டினோம் என்று அளக்கத் தொடங்கினால் கண் கொடுப்பவரை விட்டுக் கைக்குப் போய்விடும்.

அப்படியானால் யாக்கோபின் திருமுகத்தை என் செய்வது என்று மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. செயலற்ற நம்பிக்கை செத்தது என்பதே யாக்கோபின் வாதம். உடையின்றி உணவின்றி நிற்கும் சகோதரனை வாழ்த்தி மட்டும் அனுப்புகிறவனை நோக்கி அவர் பேசுகிறார். கடவுளிடம் கணக்குக் காட்டு என்று அவர் எங்கே சொன்னார்? பவுலும் கலாத்தியருக்கு எழுதும்போது அன்பின் வழியே செயலாற்றும் நம்பிக்கையையே போற்றுகிறார். இருவரும் எதிரெதிர் மேடையில் நிற்பவர்கள் அல்லர்.

லிசியே நகர்த் தெரேசாள் இதை இறையியல் பட்டம் ஏதுமின்றிக் கற்றவர். 1895 சூன் 9-ஆம் நாள் இறைவனின் இரக்க அன்புக்குத் தம்மைக் கையளித்தபோது, வாழ்வின் மாலையில் வெறுங்கையோடு உம்முன் நிற்பேன், என் செயல்களை எண்ண வேண்டா என்னும் பொருள்பட வேண்டினார். இரண்டு ஆண்டுகளில், இருபத்து நான்காம் வயதில், காசநோயால் இறந்தார். கார்மேல் மடத்தில் அவர் செபமும் ஒறுத்தலும் குறைந்தவையல்ல. இருந்தும் ஏடு எழுதவில்லை. 1997-இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக உயர்த்தியது. நம் ஆலயங்களில் அவர் சுரூபத்துக்கு ரோசாப்பூ சாத்துகிறோம், வெறுங்கையை மறந்துவிட்டோம்.

மறந்ததற்குச் சான்று வேண்டுமா? ஆலயத்துக்குள் நிமிர்ந்து பாருங்கள். குழல்விளக்கின் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு அதன்மேல் 'உபயம்' எழுதியிருக்கிறது. மின்விசிறி இறக்கையிலும் பெயர். திருவிழாவில் நன்கொடை வரிசைப்படி மரியாதை. பூசைக் காணிக்கை விலையன்று என்பதும், காணிக்கை இல்லாவிடினும் ஏழைகளின் கருத்துக்காகக் குருக்கள் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்படி திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 945-ஆம் விதி வலியுறுத்துகிறது என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு பங்கில், தலைக்கட்டு வரி மூன்று ஆண்டு பாக்கி என்பதற்காகக் கைம்பெண் ஒருவரின் மகளுக்குத் திருமணக் கடிதம் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த அம்மா கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டார். கேட்டபோது, "காசில்லாதவளுக்குச் சாமி முன்னாடி என்ன வேலை?" என்றார். முதியவருக்கு ஏடு நிறைந்திருந்தது. இவருக்கோ ஏட்டில் ஒன்றுமில்லை. இருவரும் கடவுளிடம் அச்சமின்றிச் செல்ல இயலாதபடி செய்தது ஒரே போதனை.

முதியவரிடம் நாம் என்ன சொன்னோம் என்று கேட்பீர்கள். "ஐயா, ஏட்டை மூடுங்கள். திருமுழுக்குப் பெற்ற அன்று உங்கள் பெயரில் ஒரு செயலும் இல்லை. அன்றே அவர் உங்களை மகன் என்று அழைத்துவிட்டார்" என்றோம். "அப்போ இதெல்லாம் வீணா சாமி?" என்றார். "அந்தப் பிள்ளைகள் படித்தார்களே, அதற்காகத்தான் அந்தப் பணம். விண்ணகத்தில் உங்களுக்கு இடம் பிடிப்பதற்காக அன்று" என்றோம். சற்று நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டை மகனிடம் கொடுத்தார். நாம் வாயிற்படி தாண்டுமுன் மீண்டும் கேட்டு வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் விடியற்காலையில் இறந்தார்.

வரும் பங்குத் திருவிழாவில் நன்கொடையாளர் பட்டியல் திருப்பலியில் வாசிக்கப்படாது என்றும், வரி பாக்கிக்காக எந்தக் கடிதமும் நிறுத்தப்படாது என்றும் பங்குப் பேரவையில் அறிவித்தோம். நெடுநேரம் யாரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "பெயர் வாசிக்காவிட்டால் பிறகு எதற்குச் சாமி கொடுப்பார்கள்?" என்றார். பேரவை அடுத்த ஞாயிறு மீண்டும் கூடுகிறது.