முதலில் வந்து நிற்கும் காவலருக்குப் பேசத் தெரிய வேண்டும்

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு தம்பதி இரண்டு பெண் குழந்தைகளுடன் தீக்குளித்தனர். நால்வரும் இறந்துபோனார்கள். அதன் பிறகு குறைதீர்க்கும் நாளன்று ஆட்சியர் அலுவலக வாசல்களில் கெடுபிடி கூடியது. மனு கொண்டுவருபவரின் பையைத் துழாவுகிறார்கள். யாராவது மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டால் கேனைப் பிடுங்கி, தலையில் தண்ணீரைக் கொட்டி, ஜீப்பில் ஏற்றுகிறார்கள். உயிரைக் காக்கும் வேலை அது, குறை சொல்ல மாட்டோம். ஆனால் பிடுங்கும் கைக்கு இருக்கும் பழக்கம் பேசும் வாய்க்கு இல்லை.

மனநலப் பாதிப்புள்ளோரின் குடும்பத்தினர் சேர்ந்து நடத்தும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது: நெருக்கடியில் இருப்பவரைப் பேச்சால் தணிக்கும் பயிற்சியைத் தமிழகக் காவல்துறையில் கட்டாயமாக்க வேண்டும். அது இரண்டாம் நிலைக் காவலரிடமிருந்தும் ஏட்டிடமிருந்தும் தொடங்க வேண்டும். உயரதிகாரிகளுக்கு அரங்கில் ஒருநாள் கருத்தரங்கு வைத்துச் சான்றிதழ் கொடுப்பதை நாங்கள் கணக்கில் எடுக்கப்போவதில்லை. நள்ளிரவில் 100-க்கு அழைத்தால் வருபவர்கள் அவர்கள் இல்லையே.

வருபவர்கள் எப்படி வருகிறார்கள் என்பது எங்கள் வீடுகளுக்குத் தெரியும். உள்ளே அரிவாள்மனையைப் பிடித்துக்கொண்டு மகன். வாசலில் சுழல்விளக்கோடு ஜீப். மூன்று பேர் ஒரே நேரத்தில் “கீழே போடுடா” என்று அதட்டுகிறார்கள். தெருவே திரண்டு செல்போனில் படம் எடுக்கிறது. பயந்துபோனவன் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறான். கடைசியில் லத்தி, கயிறு. பயிற்சி பெற்றவர் முதலில் கூட்டத்தைக் கலைப்பார், விளக்கை அணைப்பார். ஒருவர் மட்டும், எட்டி நின்று, பெயர் சொல்லி, மெதுவாகப் பேசுவார். உடனே ஆபத்து இல்லையென்றால் அரைமணி நேரம் ஆனாலும் காத்திருப்பார். கவாத்தைப் போலவே இதையும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தால்தான் உடம்பில் பதியும்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987-இல், கத்தியால் தன்னையே காயப்படுத்திக்கொண்டிருந்த ஒரு இளைஞரைப் போலீசார் சுட்டுக் கொன்றனர். மறு ஆண்டே அங்கே 40 மணி நேரப் பயிற்சி தொடங்கியது. அதனால் காயங்களும் சாவுகளும் குறைந்தன என்று ஆய்வுகள் அடித்துச் சொல்லவில்லை. அதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் வேறொரு பயிற்சிமுறையை ஏற்ற லூயிவில் நகரில் பலப்பிரயோகச் சம்பவங்கள் 28 சதவீதமும், போலீசாருக்கு ஏற்பட்ட காயங்கள் 36 சதவீதமும் குறைந்ததாக ஆய்வு காட்டியது. காவலருக்கும் இதில் லாபம் உண்டு என்பதைச் சங்கம் இல்லாத அந்தத் துறைக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

மெம்பிஸில் நாங்கள் பெரிதாக நினைப்பது வேறு. போலீசார் கூட்டிவந்தவரைத் திருப்பி அனுப்பாமல் உடனே ஏற்றுக்கொள்ள அங்கே ஒரு மருத்துவமனை இருந்தது. நம்மூரில் சட்டம் மோசமில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 100-ஆவது பிரிவுப்படி, பாதுகாப்பில் எடுத்தவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எக்காரணம் கொண்டும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ‘மெமோ எங்கே, மனநல டாக்டர் காலையில்தான் வருவார், கீழ்ப்பாக்கம் கொண்டுபோங்கள்’ என்று அலைக்கழித்தால் எவ்வளவு நன்றாகப் பயின்ற ஏட்டும் என்ன செய்வார்? ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இரவிலும் தட்டிக்கழிக்காமல் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லாமல் பயிற்சியை மட்டும் அறிவித்தால் அதை நாங்கள் வரவேற்க மாட்டோம்.

ஆட்சியர் அலுவலகத்தில் தீக்குளிக்க முயன்றவர்மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 226-ஆவது பிரிவில் கைபோன போக்கில் வழக்குப் போடுவதையும் எதிர்க்கிறோம். அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கம் இருந்தால்தான் அந்தப் பிரிவு. பலமுறை மனு கொடுத்து நொந்துபோனவரிடம் அந்த நோக்கத்தைத் தேடும் முன், அவர் மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று விசாரிக்கலாம்.

மெம்பிஸ் வகுப்புகளில் நோயிலிருந்து மீண்டவர்களும் குடும்பத்தினரும் நேரில் வந்து பேசுகிறார்கள். ஊனமாஞ்சேரி காவலர் பயிற்சியகத்திலும் மாவட்டப் பயிற்சிப் பள்ளிகளிலும் அப்படிப் பேச எங்கள் உறுப்பினர்கள் தயார். மதிப்பூதியம் வேண்டாம். பாடத்திட்டத்தில் அரை நாளும், கேட்க வருபவர்களுக்கு அன்று பந்தோபஸ்து டூட்டி போடாமல் இருப்பதும் போதும்.