பூவைத் தின்னும் வண்டின் மண்ணடி வாழ்க்கை

வானூர் வட்டாரத்துச் செம்மண் கொல்லைகளில் மழைக்குப் பின் காராமணியும் துவரையும் பூக்கும்போது ஒரு வண்டு கூட்டமாக வந்து இறங்கும். கறுப்பு உடம்பு, முதுகில் குறுக்கே ஆரஞ்சுப் பட்டைகள். வெண்டைப் பூவையும் வேலியோரச் செம்பருத்தியையும்கூட அது விடாது. பூ போனால் காய் ஏது? வேளாண் நூல்கள் இதைக் கொப்புள வண்டு என்கின்றன. நசுக்கினால் சில மணி நேரத்தில் தோல் கொப்பளித்துவிடும்.

பயிர்க்காரருக்கு இது எதிரிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் நாம் பார்ப்பது இதன் வாழ்க்கையில் மேலே தெரிகிற பகுதியை மட்டும். மற்றது மண்ணுக்குள் நடக்கிறது.

வெட்டுக்கிளி வயிற்றை மண்ணில் செருகி முட்டையிடும். கூடவே சுரக்கும் நுரை இறுகி, முட்டைகளைச் சுற்றி ஒரு பை ஆகிவிடும். கொப்புள வண்டும் மண்ணில்தான் முட்டையிடுகிறது. அதிலிருந்து வரும் முதல் புழுவுக்கு நீண்ட கால்கள், நல்ல ஓட்டம். அதற்கு ஒரே வேலை, வெட்டுக்கிளியின் முட்டைப் பையைத் தேடிக் கண்டுபிடிப்பது. கிடைக்காத புழு சாகும். கிடைத்த புழு உள்ளே புகுந்து தின்னத் தொடங்கியதும், தோலுரித்து வேறோர் உருவம் எடுக்கிறது. இனி ஓட வேண்டியதில்லை என்பதால் கால்கள் சிறுத்து, உடல் தடித்துப் பருக்கிறது. அதன்பின் கெட்டித் தோலுக்குள் அசையாமல் கிடக்கும் ஓர் ஓய்வுப் பருவம். பிறகே கூட்டுப்புழு, வண்டு. ஒரே புழுப்பருவத்துக்குள் இத்தனை உருவம் மாறும் இந்த வளர்ச்சிக்கு மிகை உருமாற்றம் என்று பெயர். இதே குடும்பத்தில் தேனீக் கூடுகளில் வளரும் ஒரு வண்டை ஆராய்ந்து, 1857இல் இதை விளக்கியவர் பிரெஞ்சு ஆய்வாளர் ஜான் ஆன்ரி ஃபாப்ர்.

இதை ஒட்டுண்ணி என்பது சரியா? பேன் நம்மைக் கொல்லாமல் நம் மேல் வாழ்கிறது. இந்தப் புழுவோ முட்டைகளையே தின்று தீர்க்கிறது. அதனால் இரைகொல்லி என்பாரும் உண்டு. பெரும்பாலும் ஒரே பைக்குள் வளர்ந்து முடிவதால் ஒட்டுண்ணி என்ற பெயரும் நிலைத்துவிட்டது. எப்படி அழைத்தாலும், வெட்டுக்கிளி பெருகாமல் தடுப்பதில் இதற்குப் பங்கு உண்டு.

வண்டைப் புரட்டிப் பார்த்தால் இன்னும் சில தெரியும் (வெறுங்கையால் வேண்டாம், இடுக்கியால்). தலைக்குப் பின்னால் கழுத்துப் போன்ற ஒடுக்கம். பொன்வண்டுக்கு இருப்பதுபோல் ஓடு கெட்டியில்லை, மேலிறக்கை தோல்போல வளையும். பாதத்தில் முன்கால், நடுக்கால்களுக்கு ஐந்து கணுக்கள், பின்காலுக்கு நான்கே. ஒவ்வொரு நகமும் இரண்டாகப் பிளந்திருக்கும். மெலாய்டே என்னும் குடும்பத்தின் அடையாளங்கள் இவை. அந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 3000 இனங்கள் இருக்கின்றன.

பேரினம் எது என்பதில்தான் குழப்பம். பழைய நூல்களில் இது மைலாப்ரிஸ் பஸ்டுலேட்டா. மைலாப்ரிஸ் பேரினத்தை 1775இல் நிறுவியவர் ஃபாப்ரீசியஸ். இந்த இனத்தை 1821இல் விவரித்தவர் துன்பெர்க். கறுப்பும் ஆரஞ்சும் பட்டையிட்ட வண்டுகளையெல்லாம் நெடுங்காலம் அந்த ஒரே பேரினத்தில் போட்டு வந்தார்கள். ஆனால் பட்டைகளின் அகலமும் நிறமும் ஒரே இனத்துக்குள்ளேயே மாறும். எனவே நடுமார்பின் அடிப்பக்கத் தகடுகளின் வடிவத்தையும் ஆண் உறுப்பின் அமைப்பையும் பார்த்துப் பிரித்தார்கள். நம் வண்டு ஹைக்லியஸ் என்ற பேரினத்துக்குப் போனது. 1817இல் லத்ரேய் தந்த பெயர் அது. இன்று அதில் 400க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இரண்டு நூல்களில் இரண்டு பெயரைப் பார்க்கும் மாணவர்கள் அவற்றை இரண்டு பூச்சி என்று கொள்ள வேண்டாம்.

கொப்புளத்துக்குக் காரணம் கேந்தரிடின் என்ற நஞ்சு. தொட்டால் வண்டு கால் மூட்டுகள் வழியே கசியவிடும் உடல்நீரில் அது இருக்கிறது. அதைச் சுரப்பது ஆண் வண்டு. இணைசேரும்போது பெண்ணுக்குக் கொடுக்கிறது, முட்டைகளுக்கும் அதுவே காவல். விழுங்கினால் ஆபத்து, மாட்டுத் தீவனத்தில் கலந்தாலும் ஆபத்து. இரவில் விளக்கொளிக்கு வந்து கழுத்தில் எரிபுண் உண்டாக்கும் மெல்லிய செம்பூச்சி வேறு குடும்பம், அதன் நஞ்சும் வேறு. பொன்வண்டைத் தீப்பெட்டியில் வளர்க்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பட்டை வண்டைக் காட்டி, தொடக் கூடாதென்று சொல்லிவைப்பது பெரியவர்கள் பொறுப்பு.

கொல்லையில் இது மிகுந்துவிட்டால் பூக்கும் பருவத்தில் மருந்தடிப்பதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். அதே பூவுக்குத்தான் தேனீயும் வருகிறது. கையுறை அணிந்து, கைவலையால் பிடித்து, மண்ணெண்ணெய் கலந்த நீரில் போடலாம். பூத்த பயிரில் மட்டும் இதைச் செய்தால் போதும். பயிரில்லாத வரப்பிலும் புறம்போக்கிலும் இருக்கும் வண்டுகளைத் தேடிப்போய் அழிக்க வேண்டியதில்லை.