சாளரத்திலிருந்து குதித்தவள்

பழைய படங்களைப் பற்றிப் பேச்செழுந்தால், "அன்றைய சரக்கை இன்றைய தராசில் நிறுக்கலாகாது" என்று நமக்கு வாய்ப்பூட்டுப் போடும் அன்பர்கள் நம் சங்கத்திலும் உளர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆயினும் அவ்வறிவுரை பழம்படத்தைக் காப்பதில்லை. அதைப் படைத்தவர்களையே சிறுமைப்படுத்துகிறது என்பது என் கட்சி.

ஹாவர்ட் ஹாக்ஸ் இயக்கி 1940-இல் வெளிவந்த 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' என்னும் அமெரிக்கப் படத்தை எடுத்துக்கொள்வோம். சண்டையிட்டே காதலிக்கும் கோணங்கி ஜோடிகளின் கதைகளை அந்நாட்டார் 'ஸ்க்ரூபால்' நகைச்சுவை என்பர். அவ்வகையில் முதல் வரிசையில் நிற்பது இது. பென் ஹெக்ட்டும் சார்லஸ் மக்கார்தரும் எழுதிய 1928-ஆம் ஆண்டு நாடகத்தில் நிருபர் ஹில்டி ஓர் ஆண். ஹாக்ஸ் அவரைப் பெண்ணாக்கி, பத்திரிகையாசிரியர் வால்டரின் மணமுறிவு பெற்ற மனைவியும் ஆக்கினார். கேரி கிராண்ட்டும் ரோசலிண்ட் ரஸ்ஸலும் ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சைக் கொட்டும் வேகத்திற்கு இன்றும் ஈடில்லை. ஹில்டி மணக்கவிருக்கும் அப்பாவி புரூஸ், வால்டரின் சூழ்ச்சியால் மும்முறை சிறை புகுகிறான். விழுந்து விழுந்து சிரிக்கிறோம்.

அதே கட்டடத்தில் ஒருவன் தூக்குமேடையை எதிர்நோக்கியிருக்கிறான். மேயருக்குத் தேர்தல், ஆகவே ஆளுநர் அனுப்பிய தண்டனை நிறுத்த ஆணையையே மறைக்கப் பார்க்கிறார். கைதிக்காக இரங்கியவள் மாலி என்னும் ஏழைப்பெண் ஒருத்தியே. நிருபர்கள் அவளைச் சூழ்ந்து துளைத்தெடுக்க, அவள் சாளரத்தின் வழியே கீழே குதித்துவிடுகிறாள். அவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அடுத்த செய்திக்கு ஓடுகிறார்கள். அவள் உயிரோடிருக்கிறாள் என்ற அளவில் பேச்சு முடிகிறது. வேடிக்கை தொடர்கிறது.

இங்கே நெஞ்சு உறுத்துவது இன்றைய தராசினாலா? ஹெக்ட்டும் மக்கார்தரும் சிகாகோவில் நிருபர்களாய் இருந்தவர்கள்; அந்த அறையின் கல்நெஞ்சை அறிந்தே எழுதினார்கள். உறுத்தலை அவர்களே உள்ளே வைத்திருக்க, "அந்தக் காலம் அப்படி" என்று அதை நாம் துடைத்தெறிவது என்ன இரசனை?

ஹாக்ஸையும் நான் விட்டுவிடுவதாயில்லை. சிறைக்கூண்டருகே கைதியை ஹில்டி பேட்டி காணும் காட்சியில் அவர் வேகத்தை அறவே தணித்து, தாழ்ந்த குரலில் பேசவைக்கிறார். நிறுத்தத் தெரிந்தவர்தாம் அவர். மாலிக்காக மட்டும் நிற்கவில்லை. நிருபர்களைப் போலவே படமும் அவளை மறந்துவிடுகிறது.

படத்தையே தூக்கியெறியச் சொல்லும் இளைஞர் அணியோடும் எனக்கு உடன்பாடில்லை. என்னோடு பார்த்த பேத்தி, "இவ்வளவு கெட்டிக்காரி! கடைசியில் பெட்டியையும் தானே சுமந்துகொண்டு அவன் பின்னால் போகிறாளே, தாத்தா" என்றாள். வால்டர் கைவீசி முன்னே நடப்பது உண்மைதான். ஆனால் அந்த அறையிலுள்ள ஆண்கள் எவரையும்விட ஹில்டியே சிறந்த நிருபர் என்பதையும் படம் ஒளிக்கவில்லை. அத்திறமைக்கு அவள் கொடுக்கும் விலையை நம் கண்ணுக்குக் காட்டுவதும் அந்தப் பெட்டிதானே? பேத்தி ஒப்பவில்லை. வழக்கு இன்னும் தீரவில்லை.

இப்படத்தைச் சங்க அரங்கில் ஒருநாள் திரையிடுமாறு செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். சாளரக் காட்சி வரும்போது யார் யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்க, கடைசி வரிசையில் எனக்கோர் இடம் வேண்டும்.